எட்டு ஜோடியும் பதினேழாம் நம்பர் இடமும்

உட்காருங்க சார். பி பிளாக் ரெண்டாவது மாடி வீடு பார்க்கத்தானே வந்திருக்கீங்க? புரோக்கர் அஞ்சு நிமிஷத்துல சாவியோட வர்றேன்னு சொல்லியிருப்பார். அப்போ முக்கால் மணி நேரம் இருக்கு. இந்த ஓரமா உட்காருங்க, அந்தப் பக்கம் பெஞ்சுல ஆணி தூக்கிட்டிருக்கு. சங்கத்துக்கு மூணு கடிதம் எழுதிட்டேன். ஆணியும் அப்படியே இருக்கு, சங்கமும் அப்படியே இருக்கு.

நான் கோதண்டம், சி பிளாக் முதல் மாடி. டயர் கம்பெனியில முப்பத்தோரு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். டயருக்குள்ள கடுகளவு குமிழி இருந்தாலும் கையால தடவியே சொல்லிடுவேன். அதனாலதான் இங்க யாருக்கும் என்னைப் பிடிக்காது. பரவாயில்ல. குமிழிக்கும் என்னைப் பிடிக்காது.

கார் இருக்கா உங்களுக்கு? இருக்குல்ல. அப்போ கேட்டுக்குங்க. தண்ணி, கரண்டு, லிஃப்ட் எல்லாம் புரோக்கர் சொல்வார். பார்க்கிங் பத்தி அவர் சொல்ல மாட்டார்.

அதோ பாருங்க, லிஃப்டுக்கு நேர் எதிர்ல, சாய்தளத்துக்குப் பக்கத்துல. பதினேழாம் நம்பர். மேல கூரை. மழை அடிக்காது, வெயில் படாது, காரை விட்டு இறங்கினா நாலு எட்டுல லிஃப்ட். என்ன நிக்குது அங்க? ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி. தூணுக்குத் தூண் ஒரு நைலான் கயிறு. அவ்வளவுதான். என் வண்டி அங்க நின்னிருக்கணும் சார். இப்போ வேப்பமரத்தடியில நிக்குது, காக்காய்க்குக் கழிப்பறையா.

வண்டி எடுக்கறது வாரத்துக்கு ஒரு தடவைதான், பேட்டரி இறங்கிடக் கூடாதுன்னு ஒரு சுத்து சுத்திட்டு வருவேன். அதுக்காக? வாரத்துக்கு ஒரு நாள் ஓடற வண்டிக்கு மரியாதை கிடையாதா?

அந்த இடத்துக்காரர் வீட்டை வித்துட்டு ஜூலையில போனார். இடம் சங்கத்துக்கு வந்தது. நான் அன்னைக்கே விண்ணப்பம் குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு விண்ணப்பம். கமலவேணி, என் பக்கத்து வீடு. அந்த அம்மாகிட்ட கார் இல்ல. நல்லா கேட்டுக்குங்க. கார் இல்லாத ஆள் கார் நிறுத்தற இடம் கேக்கறாங்க. எதுக்குன்னா அவங்க வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்கு ஜனவரியில பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூணும் போச்சு. வாரத்துக்கு மூணு நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும், டாக்ஸி உள்ள வந்து லிஃப்ட் பக்கத்துல நிக்கணும். அதுக்கு அந்த இடம் காலியா இருக்கணுமாம்.

கஷ்டம்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா விதின்னு ஒன்னு இருக்கா இல்லையா? முதல் விண்ணப்பம் என்னுது.

கமிட்டியில ஓட்டுக்கு விட்டாங்க. மூணுக்கு மூணு. எனக்கு எதிரா விழுந்த மூணுல ஒன்னு லட்சுமணன், எல்லாருக்கும் தெரியும். இன்னொன்னு டி பிளாக் பல் டாக்டர் அம்மா. மூணாவது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. என் சம்சாரம் வத்சலாவும் கமிட்டியிலதான் இருக்கா, சீட்டை எண்ணினதே அவதான். சாப்பிடும்போது ஜாடையா கேட்டுப் பார்த்தேன். "ரகசிய ஓட்டுங்க"ன்னு சொல்லி ரசத்தை ஊத்தினா. அவகிட்ட எனக்குப் பிடிச்சதே அந்த நேர்மைதான். நாலு மாசமா அந்த மூணாவது ஆளைத் தேடிட்டிருக்கேன்.

இழுபறியா நின்னப்போ யோசனை சொன்னது நான்தான். "ஆகஸ்ட்ல ஆண்டு விழா வருது, போக்கர் போட்டி நடக்கப் போகுது. நானும் ஆடறேன், அந்த அம்மாவும் ஆடறாங்க. ரெண்டு பேர்ல யார் அதிக நேரம் நிக்கறாங்களோ அவங்களுக்கு இடம். பகவான் தீர்ப்பு." யாராவது குறை சொல்ல முடியுமா?

போக்கர் எங்க இருந்து வந்ததுன்னு கேக்கறீங்களா? கப்பல் பாஸ்கர்னு எங்க சங்கத் தலைவர். கப்பல்ல இன்ஜினியரா இருந்தவர், அங்க கத்துக்கிட்டு வந்தார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு கிளப் ஹவுஸ்ல ஒன்பது பேர் உட்காருவோம். காசு கிடையாது, பிளாஸ்டிக் வில்லைதான். ஏகாம்பரமும் ஆடுவார், பக்கவாதம் வர்றதுக்கு முன்னாடி. பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்தவர். நல்லா ஆடுவார்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அடுத்தபடியா, நல்லாத்தான் ஆடுவார். அவர் விழுந்த பிறகு அவர் நாற்காலியில அந்த அம்மா உட்கார ஆரம்பிச்சாங்க. நாலு பேர் நடுவுல இருந்தா அவருக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாராம், அவர் பின்னாடி ஒரு நாற்காலியில உட்கார்ந்து பார்ப்பார். அந்த அம்மா ஆடற லட்சணம் என்ன தெரியுமா? ஃபோல்டு. ஃபோல்டு. ஃபோல்டு. சீட்டு வாங்குவாங்க, பார்ப்பாங்க, கவுத்து வெப்பாங்க. 'ஃபோல்டு மேடம்'னு நான்தான் பேர் வெச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. லட்சுமணன் சிரிக்கல, அவருக்கு நகைச்சுவை உணர்வு கம்மி.

அப்படிப்பட்டவங்களோட போட்டி. எனக்குக் கொஞ்சம் கூச்சமாவே இருந்தது சார், சின்னப் புள்ளைகிட்ட மிட்டாய் பிடுங்கற மாதிரி.

ஆட்டம் புரியலேன்னா ரெண்டே வார்த்தையில சொல்லிடறேன். கையில ரெண்டு சீட்டு. நடுவுல பொதுவா அஞ்சு சீட்டு, கொஞ்சம் கொஞ்சமா திறப்பாங்க. எவ்வளவு வேணாலும் கட்டலாம், வரம்பு கிடையாது. கையில இருக்கிற மொத்தத்தையும் ஒரே தள்ளா தள்ளலாம். வில்லை தீர்ந்தா எழுந்து போகணும், திரும்ப வர முடியாது. நாம கட்டறதை 'பேசறது'ம்பாங்க. ஒவ்வொருத்தரா வரிசையா பேசணும். முதல்ல பேசறவன் பாடு கஷ்டம். பின்னாடி எட்டு பேர் என்ன வெச்சிருக்காங்கன்னு தெரியாம வாயைத் திறக்கணும். கடைசியில பேசறவன் எல்லாரையும் கேட்டுட்டு சாவகாசமா பேசுவான்.

இதுல நடுத்தர ஜோடின்னு ஒன்னு. ஆறு ஆறு, ஏழு ஏழு, எட்டு எட்டு, ஒன்பது ஒன்பது. ராஜா ஜோடி வந்தா யோசிக்கவே வேண்டாம். ரெண்டு ரெண்டு, மூணு மூணு வந்தா தூக்கிப் போட மனசு வரும். இந்த நடுவுல இருக்கறது இருக்கே, அது நம்ம மாதிரி ஆளுங்க சார். ரேஷன் கார்டுலயும் சலுகை இல்ல, கிளப்புலயும் மரியாதை இல்ல. கையில பார்த்தா அழகா இருக்கும். நடுவுல ஒரு ராஜா விழுந்தா போச்சு. அதுவும் முதல்ல பேசற இடத்துல உட்கார்ந்து நடுத்தர ஜோடி வாங்கினா, அதைவிட ஒரு சோதனை கிடையாது. இதைப் பத்தியே நான் ஒரு நோட்டுல பதினாலு பக்கம் எழுதி வெச்சிருக்கேன். 'கிடைச்சா சின்னதா கட்டு, மூணாவது சீட்டு வந்து சேர்ந்தா பெருசா கட்டு, சேரலேன்னா விடு, பின்னாடி இருக்கிறவன் எகிறினா கண்டிப்பா விடு.' அடிக்கோடு போட்டிருக்கேன், சிவப்பு மையில.

போட்டி அன்னைக்கு நாற்காலிக்குக் குலுக்கல். எனக்கு இடது பக்கத்துல யாரு? கமலவேணி. அதாவது நான் பேசினதுக்கு அப்புறம் அவங்க பேசுவாங்க. ஏறக்குறைய எல்லா ஆட்டத்துலயும். குலுக்கினது பல் டாக்டர் அம்மா. குறிச்சு வெச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

வழக்கம்போல ஏகாம்பரத்தை அந்த அம்மா பின்னாடி உட்கார வெச்சாங்க. நான் எழுந்து ஆட்சேபம் சொன்னேன். "இது ஞாயித்துக்கிழமை விளையாட்டு இல்ல, இடம் சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு ஆளுக்கு ரெண்டு தலை இருக்கக் கூடாது."

கப்பல் பாஸ்கர் சொன்னார், "அவரால பேச முடியாது கோதண்டம்."

"கண்ணு இருக்குல்ல? ஜாடை காட்டலாமே."

அந்த அம்மாதான் சொன்னாங்க, "சார் சொல்றது சரி. எங்கே உட்கார வைக்கணும்னு சார் சொல்லட்டும், அங்கேயே வைக்கலாம்." பெருந்தன்மைன்னா நமக்கும் தெரியாதா? "என் பின்னாடி உட்காரட்டும். நான் ஒளிவுமறைவு இல்லாத ஆளு"ன்னு சொன்னேன். என் நாற்காலிக்குப் பின்னாடி, வலது தோளுக்கு நேரா போட்டாங்க. கமலவேணி திரும்பினாத்தான் அவரைப் பார்க்க முடியும். அவங்க ஒரு தடவைகூட திரும்பல, நான் கவனிச்சுட்டேதான் இருந்தேன்.

இன்னொன்னு. ஆரம்பிக்கும்போதே அந்த அம்மா சொன்னாங்க, "நாலு மணிக்கு இவருக்கு பிசியோ. டாக்ஸி சொல்லியிருக்கேன். அதுக்குள்ள முடியலேன்னா நான் எழுந்து போக வேண்டியிருக்கும்." எழுந்து போனா என்ன ஆகும்? வில்லை மேஜை மேலயே இருக்கும், ஒவ்வொரு சுத்துலயும் கட்டாயமா வைக்க வேண்டியதை அதுல இருந்து எடுத்துப் போட்டுட்டே இருப்பாங்க. கரைஞ்சுடும், ஐஸ் மாதிரி. இன்னொரு நாள் வெச்சுக்கலாமான்னு லட்சுமணன் கேட்டார். ஆண்டு விழா என்ன, அவர் வீட்டுக் கல்யாணமா தள்ளி வைக்க?

அதனால நான் கொஞ்சம் நிதானமா ஆடினேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷம் யோசிப்பேன். யோசிக்கறது தப்பா சார்? வேணும்னே நேரத்தைக் கடத்தறேன்னு பல் டாக்டர் அம்மா முணுமுணுத்தாங்க. அவங்க ஒரு பல்லுக்கு ஆறு தடவை வரச் சொல்றவங்க.

முதல் அடி எப்படி விழுந்துதுன்னா, ஒன்பது ஜோடி. மூணாவதா பேசற இடம். ஆறு வில்லை கட்டினேன். அந்த அம்மா அதே ஆறை வெச்சு கூட வந்தாங்க, இன்னும் ரெண்டு பேரும் வந்தாங்க. நடுவுல ராஜா, ராணி, நாலு. சரி, இப்போ பயந்தா பயந்தவன்னு தெரிஞ்சுடும். பன்னெண்டு கட்டினேன். மத்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. ஃபோல்டு மேடம் போகல. பன்னெண்டு வெச்சாங்க. அடுத்த சீட்டு ரெண்டு. நான் பதினஞ்சு கட்டினேன். அதையும் வெச்சாங்க, டீ கிளாஸை நகர்த்தற மாதிரி. கடைசிச் சீட்டுக்கு என்கிட்ட தைரியம் தீர்ந்து போச்சு. நான் எதுவும் கட்டாம விட்டேன், அவங்க கட்டினாங்க, நான் கவுத்தேன். ஆளுக்கு அறுபது வில்லையில முப்பத்து மூணு ஒரே ஆட்டத்துல காலி. "என்னம்மா வெச்சிருந்தீங்க?"ன்னு மரியாதையா கேட்டேன். "ஞாபகம் இல்ல சார்"னு சொல்லிட்டு சீட்டைக் கட்டுக்குள்ள சொருகிட்டாங்க.

அப்புறம் கப்பல் பாஸ்கர்கிட்ட இருந்து ராணி ஜோடியில மொத்தமா மீட்டுக்கிட்டேன். அவர் வெளியே. அதுக்கும் அவர் கைகுடுத்துட்டுப் போனார், கடல்ல இருந்தவங்க பண்பாடே தனி.

அடுத்தது ஏழு ஜோடி, முதல்ல பேசற இடம். நோட்டை நினைச்சுக்கிட்டேன். கவுத்துட்டேன். நடுவுல திறந்தா முதல் சீட்டே ஏழு. "அடடா, ஏழு ஜோடி வெச்சிருந்தேனே"ன்னு வாய் தவறி வந்துடுச்சு. ஆட்டம் நடக்கும்போது கவுத்தவன் பேசக் கூடாதாம். லட்சுமணன் குதிச்சார், அவர் ஏழு வருதான்னு காத்திருந்தாராம். கப்பல் பாஸ்கர் வெளியே நின்னுட்டே எனக்கு எச்சரிக்கை குடுத்தார். முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்காதவன் நான்.

ஆனா அந்த ஏழு மனசுல நின்னுட்டுது. விட்டது தப்பு, விட்டது தப்புன்னு ஓடிட்டே இருந்தது.

மூணே முக்கால் மணி. வெளியே மழை பிடிச்சுக்கிச்சு. மேஜையில அஞ்சு பேர். என்கிட்ட நூறு வில்லை, அந்த அம்மாகிட்ட நூத்தம்பது. டாக்ஸிக்காரன் போன் பண்ணிட்டான், கேட்டுக்கு வெளியே நிக்கறேன்னு. இன்னும் பதினஞ்சு நிமிஷம் நான் சும்மா இருந்தா போதும். சீட்டைப் பார்க்காமக்கூட கவுத்துட்டே இருந்திருக்கலாம். அவங்க எழுந்து போவாங்க, வில்லை கரையும், இடம் எனக்கு.

அப்போ வருது சார், எட்டு ஜோடி. ஸ்பேட் எட்டு, ஆர்ட்டின் எட்டு. முதல்ல பேச வேண்டிய ஆள் நான்.

ரெண்டு நிமிஷம் யோசிச்சேன். பன்னெண்டு கட்டினேன். இது சின்னக் கட்டுதான், நோட்டுப்படிதான்.

பன்னெண்டை வெச்சுட்டு நான் கையை எடுக்கல, கமலவேணி ரெண்டு கையாலயும் மொத்தத்தையும் நடுவுல தள்ளிட்டாங்க. நூத்தம்பதும். மத்த மூணு பேரும் பட்டு பட்டுன்னு கவுத்துட்டாங்க. எல்லாரும் என்னையே பார்க்கறாங்க.

நான் அந்த அம்மா முகத்தைப் பார்த்தேன். அவங்க ஜன்னல் பக்கம் மழையைப் பார்த்துட்டிருந்தாங்க. எனக்குத்தான் குமிழி தெரியுமே. கேட்டேன், "என்னம்மா, டாக்ஸிக்கு நேரமாச்சா?"

"ஆமா சார். நீங்க ஒரு முடிவு சொல்லிட்டீங்கன்னா நான் கிளம்பலாம்."

பிடிச்சுட்டேன்னு நினைச்சேன். அவசரம். எதையோ ஒன்னைத் தள்ளிட்டு, நான் விட்டா சரி, இல்லேன்னா போகட்டும்னு கிளம்பற அவசரம். கையில ஒன்னும் இல்ல. இருந்தாலும் நாலு நிமிஷம் எடுத்துக்கிட்டேன், நியாயமா யோசிக்கணும்ல. பின்னாடி ஏகாம்பரம் தொண்டையில ஏதோ சத்தம் பண்ணினார். உறுமல் மாதிரி. தண்ணி வேணும் போலன்னு யாரோ குடுத்தாங்க. வேண்டாம்னு தலையை ஆட்டினார். மறுபடி சத்தம். "அமைதியா இருக்கச் சொல்லுங்க"ன்னு நான் சொன்னேன். அப்புறம், "வர்றேன்"னு மீதி எண்பத்தெட்டையும் தள்ளினேன்.

அந்த அம்மா சீட்டைத் திருப்பினாங்க. ராஜா ஜோடி.

நடுவுல அஞ்சு சீட்டுலயும் ஒரு எட்டு வரல. வந்தது என்னென்னன்னு சொல்லட்டுமா? வேண்டாம் விடுங்க.

சீட்டுக்கட்டை எண்ணச் சொன்னேன். அது என் உரிமை. ஐம்பத்திரண்டு இருந்தது. இன்னொரு தடவை எண்ணச் சொன்னேன், ஐம்பத்திரண்டுதான். அதுக்குள்ள அந்த அம்மா வில்லையை எல்லாம் மேஜை மேலயே விட்டுட்டு, ஏகாம்பரத்தை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மழையில, கேட்டு வரைக்கும். லட்சுமணன் குடை பிடிச்சுட்டுப் போனார். எண்ணி முடிச்சுட்டு நான் நிமிர்ந்தா கிளப் ஹவுஸ்ல என் பக்கத்துல ஆளே இல்ல. அதுல இன்னொரு அவமானம், ஆள் இல்லாமலே அந்த அம்மாவோட வில்லை மூணாவது இடம் வாங்கிடுச்சு. உயிரோட உட்கார்ந்திருந்தவன் அஞ்சாவது.

மறுநாள் அந்த அம்மா பேருக்கு இடத்துக்குக் கடிதம் குடுத்துட்டாங்க. வத்சலா கையெழுத்து இருந்தது அதுல. கமிட்டி உறுப்பினர்ங்கற முறையில போட்டுத்தானே ஆகணும். பாவம்.

இப்போதான் விஷயத்துக்கே வர்றேன். இடம் வாங்கினது டாக்ஸிக்குத்தானே? டாக்ஸி வாரத்துல மூணு நாள், அரை அரை மணி நேரம். மீதி நேரம்? நாற்காலி போட்டாங்க. கயிறு கட்டினாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏகாம்பரத்தைக் கீழே கூட்டிட்டு வந்து, இடது கையால கயிறைப் பிடிச்சுட்டு இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடக்க வைக்கறாங்க. சங்க விதி இருபத்திரண்டு, வாகனம் நிறுத்தும் இடத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

என் பால்கனியில இருந்து பார்த்தா நேரா தெரியும். நான் ஆதாரம் சேர்க்க ஆரம்பிச்சேன். நோட்டுல பதினஞ்சாவது பக்கத்துல இருந்து. தேதி, நேரம், எத்தனை நடை. முதல் நாள் ரெண்டு நடை, நடுவுல அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தார். ஒரு வாரம் கழிச்சு நாலு. செப்டம்பர் பதினெட்டு, ஏழு நடை, வலது கால் இழுப்பு கொஞ்சம் குறைச்சல். இருபத்தாறு, நாலுதான், காய்ச்சல்னு வத்சலா சொன்னா. அக்டோபர் முதல் வாரம் ஒன்பது. ஒரு நாள்கூட விடல நான். காபி ஆறிப் போகும், அப்படியும் விட மாட்டேன். வேலைன்னா வேலை.

போன மாசம் பதினொன்னாவது நடையில அவர் பாதியில நின்னுட்டார். கயிறைப் பிடிச்சுட்டு அப்படியே நிக்கறார், அந்த அம்மா தண்ணி எடுக்க மேல போயிருக்காங்க. நான் இறங்கிப் போனேன். புகாரை நேர்ல சொல்லிடலாம்னுதான் போனேன், வேற ஒன்னும் இல்ல. செருப்பு மாத்திப் போட்டுட்டுப் போயிட்டேன், அது வேற விஷயம்.

போய் எதிர்ல நின்னேன். நோட்டைத் திறந்தேன். அவர் என்னையே பார்த்தார். வாய் ஒரு பக்கமா கோணுது, கழுத்து நரம்பு புடைக்குது. பக்கவாதம் வந்ததுல இருந்து அவர் வாயில 'ம்' தவிர எதுவும் வந்ததில்ல. அன்னைக்கு வந்தது.

"எ... எட்டு."

"என்ன?"

"எட்டு ஜோ... ஜோடி. ஏன்... விடல?"

பின்னாடி டம்ளர் விழுந்த சத்தம். கமலவேணி லிஃப்ட் வாசல்ல நிக்கறாங்க, புடவை முழுக்கத் தண்ணி. தூணைப் பிடிச்சுக்கிட்டாங்க. "சார், என்ன சொன்னார்? நீங்களும் கேட்டீங்களா?"

"கேட்டேன்மா. தப்பா சொல்றார். அது விடற சீட்டே இல்ல."

அந்த அம்மா அழுதுட்டே என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. நான் சொன்ன பதிலை யாரும் காதுலயே வாங்கல. பத்து மாசம் பேசாத மனுஷன், முதல் வார்த்தை பொண்டாட்டி பேரைச் சொல்லியிருக்கலாம், முருகா சொல்லியிருக்கலாம். என் குறையைச் சொல்றார். அதுவும் இல்லாத குறையை.

அந்த நோட்டையும் பார்த்துட்டாங்க. "இது என்ன சார், தேதி போட்டு?" விதி இருபத்திரண்டுன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள பக்கம் பக்கமா புரட்டிட்டு, "பிசியோதெரபிஸ்ட் இதைத்தான் எழுதி எடுத்துட்டு வரச் சொல்லிட்டே இருக்காங்க, எனக்கு நேரமே இல்லாம..."ன்னு சொல்லி ஜெராக்ஸ் எடுக்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. என் சாட்சிப் பத்திரம் சார் அது. இப்போ ஏதோ ஆஸ்பத்திரி ஃபைல்ல இருக்கு.

சும்மா விட முடியுமா? மறுநாள் அஞ்சு மணிக்குப் போனேன். எட்டு ஜோடியை ஏன் விடக் கூடாதுன்னு விளக்கமா சொன்னேன். அவர் முழுசா கேட்டார். கடைசியில, "விடணும்"னார். அதுக்கு மறுநாளும் போனேன். "விடணும்." இப்படியே பத்து நாள். நான் நடந்துட்டே பேசுவேன், அவரும் கூடவே நடந்துட்டே கேப்பார், வேற வழி? ஒரு நாள் நின்னு, மூச்சு வாங்கிட்டு சொன்னார், "வேணி... தள்ளவே... மாட்டா. ஆறு மாசமா... பக்கத்துல... பார்த்தீங்களே."

அது ஒரு வாதமா சார்? தள்ளாதவங்க அவசரத்துல தள்ள மாட்டாங்களா?

பிசியோதெரபிஸ்ட் அம்மா என்னை ஒரு தடவை வரச் சொல்லிப் பார்த்தாங்க. தினமும் வந்து பேசுங்க, ஆனா அவர் சொல்றதை உடனே ஒத்துக்காதீங்கன்னாங்க. நான் ஏன் ஒத்துக்கப் போறேன்? ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு நானாத்தான் போறதில்ல. ஆடறவங்களும் கூப்பிடல, கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன்னு அவங்களுக்குத் தெரியும். எனக்கு இங்கேயே வேலை சரியா இருக்கு.

நேத்து பதினாறு நடை. கயிறைப் பிடிக்காம அதுல நாலு. நடந்துட்டே நான் வழக்கம்போல ஆரம்பிச்சேன். வில்லைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, டாக்ஸி, மழை, எல்லாத்தையும் வரிசையா எடுத்து வெச்சுட்டே போறேன். அவர் கையைத் தூக்கினார். வலது கை. முழங்கை வரைக்கும்தான், ஆனா தூக்கினார். அப்புறம் ஒரு தடங்கல் இல்லாம சொன்னார்:

"கோதண்டம் சார், எப்பவுமே நீங்க முதல்ல பேசாதீங்க. மத்தவங்க பேசட்டும்."

எண்ணினேன், எட்டு வார்த்தை. கமலவேணி முகத்தை மூடிட்டு லிஃப்டுக்குள்ள போயிட்டாங்க, எந்த மாடி பட்டனும் அழுத்தாம உள்ளேயே நின்னுட்டிருந்தாங்க. அவரை நாற்காலியில உட்கார வெச்சு, துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சுவிட வேண்டியிருந்தது. அந்தக் களேபரத்துல என் பதில் இன்னைக்குத் தள்ளிப் போச்சு.

அதோ லிஃப்ட் இறங்கறது பாருங்க, அஞ்சு மணி ஆச்சு. உங்க புரோக்கர் இனிமேத்தான் வருவார். நான் வர்றேன் சார், அந்த மனுஷனுக்கு இன்னைக்காவது புரிய வைக்கணும்.